நியூட்ரல் இல்லாத தெரு

சூரியனின் விலை அன்று காலை யூனிட்டுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. மஞ்சள் முனையில் வாங்கினால் பத்துக் காசு குறைவு. கீழச்சந்தைத் தெருவில் இதைக் கேட்டு யாரும் வாய் பிளக்கவில்லை. சூரியனிடமே பேரம் பேசி விலையை இறக்கிய தெரு அது. அந்தப் பெருமை கடைக்காரர்களின் நடையிலேயே தெரியும்.

கூரைகளில் விளைந்த மின்சாரம் தெருக்கோடி மின்மாற்றிக்குப் போய், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று முனைகளாகத் திரும்பி வந்தது. கடைக்கு ஒரு பேரப்பெட்டி. எந்த முனையில் சுமை குறைவோ அங்கே விலையும் குறைவு; கண்ணிமைக்கும் நேரத்தில் பெட்டி அந்த முனைக்குத் தாவும். இப்படி ஆளாளுக்கு லாபம் பார்த்ததில் மூன்று முனைகளும் சம சுமையில் நின்றன. சமமாக இருந்தால் ஒரு முனை அனுப்புவதை மற்ற இரண்டும் அதே கணத்தில் வாங்கிக்கொள்ளும். மின்மாற்றிக்குத் திரும்பும் நான்காவது கம்பியான நியூட்ரலில் ஒன்றும் ஓடாது.

பேரப்பெட்டியைச் செய்தவள் அதே தெருவின் பொறியாளர் தவமணி. ஒரு முனைக்கு இருநூற்று முப்பது வோல்ட், இரண்டு முனைகளுக்கு இடையே நானூறு என்று அவள் முதன்முதலில் விளக்கியபோது, கடைக்காரர் சங்கத் தலைவர் சுயம்புலிங்கம் எழுந்து, "ரெண்டு எரநூத்து முப்பது நானூத்து அறுபதுல்லா? மிச்ச அறுபதை எடுத்தது யாரு?" என்று கேட்டார். மூன்றும் ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறும், அதனால்தான் நானூறு என்று அவள் சொன்னதை அவர் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

மூன்று வருடம் நியூட்ரலில் பூஜ்யத்தையே பார்த்தவருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"ஒண்ணும் ஓடாத கம்பிக்கு எதுக்கும்மா இவ்வளவு செம்பு? சரக்கு தூங்குது. வித்துருவோம்."

"சமமா இருக்கிற வரைக்கும்தான் அண்ணாச்சி அது தூங்கும்."

"நம்ம தெரு என்னைக்கு சமம் தவறியிருக்கு?"

கூட்டம் கைதட்டியது. கடைகளை ஒன்றோடொன்று இணைக்கும் முடிச்சை மட்டும் விட்டுவிட்டு, மின்மாற்றிக்குத் திரும்பும் கம்பி காயலான் கடைக்குப் போனது. நாட்டிலேயே நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஒரே தெரு என்று முகப்பில் பலகை வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய சுமைகள் மட்டும் தாவ முடியாது. மஞ்சள் முனையில் சுயம்புலிங்கத்தின் பூக் குளிரறை. எதிர்ச்சாரியில், சிவப்பு முனையில், அவருடைய ஜென்மப் போட்டியாளர் ஞானதிரவியத்தின் பூக் குளிரறை. நீலத்தில் மாவு மில். வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வாடகையை இறக்கி இறக்கி, தெருவுக்கு வந்த பூ மொத்தத்தையும் சுயம்புலிங்கம் தன் அறைக்கே இழுத்துவிட்டார். உச்சிவேளையில் ஞானதிரவியம் தன் காலி அறையின் மெயினை அணைத்து, ஷட்டரை இறக்கினார்.

"ஜெயிச்சாச்சு!" என்றார் சுயம்புலிங்கம்.

சிவப்பில் சுமை விழுந்ததும் விலையும் விழுந்தது. மலிவு கண்ட பேரப்பெட்டிகள் கூட்டமாய் அங்கே தாவின. தாவிய கடைகளில் விளக்குகள் ஒருகணம் வெள்ளைவெளேர் என்று எரிந்து வெடித்தன. பெட்டிகள் தாமாகவே அணைந்தன. சுயம்புலிங்கத்தின் மோட்டார் உறுமத் தொடங்கியது.

தவமணி ஓடி வந்தாள். "சிவப்பு காலி. கம்பி இருந்தா மிச்சத்தை அது கொண்டுபோயிருக்கும். இப்ப சுமை இல்லாத பக்கம் வோல்ட் ஏறுது, இருக்கிற பக்கம் எரநூறுக்கு இறங்குது. உங்க மோட்டார் தாங்காது."

"அப்ப நான் நிறுத்திருதேன்."

"நிறுத்துனா மாவு மில் மட்டும்தான் சுமை. மத்த ரெண்டு முனையும் நானூறுக்கு ஏறிரும். தெருவுல ஒரு பல்பு மிஞ்சாது."

"மொத்தமா அணைச்சா?"

"அணைக்கலாம். உள்ள இருக்க மல்லிக்கு யாரு விசிறுறது?"

ஊர் முகூர்த்தம் அத்தனையும் அந்த அறைக்குள் இருந்தது. சுயம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"ஓய் ஞானதிரவியம், மெயினைப் போடும்."

"எதுக்குவே? காத்தைக் குளுர வைக்கவா?"

"வாடகை நான் தாரேன்."

"காலி அறை கொஞ்ச நேரத்துல குளுந்துபோய் தானா நின்னுரும். அப்புறம் உம்ம பாடு பழைய பாடுதான். பூவைத் தாரும். பாதி."

"கால்வாசி."

"உம்ம மோட்டார் அழுவுறது இங்க வரைக்கும் கேக்குது."

"மூணுல ஒண்ணு. அதுக்கு மேல என் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

"சமமா இருந்தாத்தான் நிக்கும்னு தவமணி சொல்லுதுல்லா? பாதி."

மோட்டார் ஒருமுறை தடுமாறியது. சுயம்புலிங்கம் கையை நீட்டினார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பாதிக்கே பேரம் முடிந்தது. ஞானதிரவியம் மெயினைப் போட்டார். தெருவே கூடி, கூடை கூடையாய் மல்லியை எதிர்ச்சாரிக்குத் தூக்கியது. கடைசிக் கூடை உள்ளே போனபோது உறுமல் அடங்கியிருந்தது.

கம்பியைத் திரும்ப வாங்கலாம் என்றாள் தவமணி. சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பெருமைக்கு ஊறு வரக்கூடாதாம்! ஞானதிரவியம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனபோது அவர் குளிரறையை நாள் முழுதும் ஓட்டியவர் சுயம்புலிங்கம். "எங்க தெருவுல எதிராளி கடையையும் நாங்கதான் ஓட்டுவோம்," என்று வெளியூர்க்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்தியவரும் அவரே.

அந்த மாதக் கணக்கு: சிவப்பு நூற்று நாற்பது ஆம்பியர். மஞ்சள் நூற்று நாற்பது. நீலம் நூற்று நாற்பது. கணக்கு நேர். இருவருக்கும் வரவேண்டிய பாக்கி, தன் கடையைத் தான் நினைத்த நேரத்தில் சாத்தும் உரிமை.