பதினேழாம் நம்பர் போர்வை

கொடியில் ஒரு போர்வை கூடுதலாகத் தொங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை, துவைக்கிற நாள் இல்லை. மேற்கே மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. சாரல் காற்றில் புதுப் பெயின்ட் வாடையும் சமையல்கட்டில் சாம்பார் கொதிக்கிற வாடையும் கலந்து வந்தன. முன்பக்கத்தில், அமெரிக்காவிலிருந்து மிஷன் பயணம் வந்த பதினோரு பிள்ளைகள் ஆரஞ்சு பனியனோடு விடுதிச் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் வந்த பிள்ளைகள் மஞ்சள் அடித்துவிட்டுப் போன சுவர்தான் அது. அதற்கு முந்தின வருஷம் பச்சை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் நம்ம சுவருக்குப் புதுச் சட்டை என்று வார்டன் ஞானப்பூ சிரித்துக்கொள்வது வழக்கம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே சிமென்ட் தரையில் வண்டல் மண்ணாகத் தேங்கியிருந்தது. பாசி வாடை அடித்தது. மூலையைத் திருப்பி, கறுப்பு மையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். பதினேழு.

"பாலம்மா, இந்தப் போர்வையை யாரு அலசிப் போட்டது?"

சமையல்காரப் பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "நான் எங்க அலசினேன்? மோட்டார் காலையிலிருந்து ஓடலையே அக்கா. குடிக்கதுக்கே குடத்துலதான் கொண்டாறோம்."

அந்த விடுதியில் பதினேழாம் நம்பர் போர்வை கிடையாது. நாலு வருஷமாகக் கிடையாது. கடைசியாக அதை ஞானப்பூதான் தன் கையால் மடித்து, வேறு மூன்று போர்வைகளோடு சேர்த்து, உலகம்மாள் என்ற ஒன்பது வயசுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கும் மோட்டார் ஓடவில்லை. அன்றைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவதாக இருந்தது, அழுக்குப் போர்வையை அவர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று தோன்றிவிட்டது. "பைய போயி ஆத்துல அலசிட்டு வந்துரு" என்றாள். கார் நெல் நடவுக்கு அணையைத் திறந்துவிட்ட வாரம் அது. மறுநாள் மூன்று போர்வைகள் முள்ளில் சிக்கிக் கிடந்தன. பிள்ளை இரண்டு மைல் கீழே, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கிடைத்தாள்.

சொல்லாமல் ஆற்றுக்குப் போய்விட்டாள் என்று ஞானப்பூ போலீஸிடம் சொன்னாள். பிள்ளையின் அம்மாவிடமும் அதையேதான் சொன்னாள். "என் பிள்ளை சொல்லாம எங்கயும் போக மாட்டாளே" என்று அந்த அம்மா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஒரே ஒருத்தரிடம் மட்டும் ஞானப்பூ எதையுமே சொல்லவில்லை. உலகம்மாளுக்காக ராத்திரிதோறும் ஜெபம் பண்ணி, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கடிதம் போடுகிற ஹானா என்ற அமெரிக்கச் சிறுமி. செத்துப்போனாள் என்று எழுதினால் எப்படி என்று கேட்பார்களே. எழுத உட்கார்ந்த ஞானப்பூ பேனாவை இடது கைக்கு மாற்றி, கோணல்மாணலாக, "அன்புள்ள அக்காவுக்கு, நான் நல்ல சுகம்" என்று எழுதினாள். கீழே வலது கையால் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு. அப்படி நாலு கடிதம். அதற்குமேல் கை ஓடவில்லை. நிறுத்தினாள். இரண்டு வருஷமாக யாரும் கேட்கவுமில்லை, தப்பித்தோம் என்று இருந்தாள்.

இந்த வருஷக் குழுவில் ஹானா வந்திருந்தாள். பதினாறு வயசு, மூக்கெல்லாம் வெயிலில் சிவந்த பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கினதும், "என் உலகம்மாள் எங்கே?" என்றாள்.

ஞானப்பூ ஜெபராணியை முன்னால் தள்ளினாள். உலகம்மாளோடு ஒரே பாயில் படுத்தவள். அதே வயசு, அதே நிறம்.

"அஞ்சே நாளுதாம்ட்டி. அவ என்ன கேட்டாலும் தலையை ஆட்டு."

"பொய்யில்லையா அக்கா?"

"பெறவு நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்."

நாலு நாள் ஓடிவிட்டது. இன்றைக்கு ஒரு சாயங்காலம் கழிந்தால் போதும். ஞானப்பூ போர்வையைக் கொடியிலிருந்து உருவினாள். நனைந்த துணிக்கு இல்லாத கனம் அதில் இருந்தது. குளியலறை மூலையில் ஒரு வாளியை அதன்மேல் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் ஹானா ஒரு பிளாஸ்டிக் கோப்போடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தாள். உலகம்மாளின் கடிதங்களாம், ஒன்றைக்கூட விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாளாம். கடைசியில் வந்த நாலுக்கு மட்டும் ஆங்கிலம் இல்லை, வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

கடைசி நாலு. இடது கையால் எழுதிய நாலைத் தாண்டி, இன்னும் நாலு.

தாள்கள் நனைந்து உலர்ந்து, மொடமொடவென்று இருந்தன. பிரித்தபோது மேசையில் மணல் உதிர்ந்தது. இடது கையில் எழுதிய கோணல் இல்லை அது. ஒன்பது வயசுப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி எழுதிய எழுத்து.

*அன்புள்ள அக்காவுக்கு உலகு எழுதுவது. இங்கன தண்ணி நெறைய கெடக்கு. வார்டன் அக்கா போர்வை அலசச் சொன்னாங்க. மூணு அலசிட்டேன். ஒண்ணு போயிட்டு. அது இல்லாம போனா ஏசுவாங்க. தேடுதேன்.*

அடுத்தது. *இன்னும் தேடுதேன்.*

அதற்கடுத்தது. *கெடச்சுட்டு அக்கா.*

கடைசி ஈஸ்டர் கடிதம். *காலெல்லாம் மண்ணு. இப்பிடியே உள்ள வந்தா ஏசுவாங்க. நீங்க வரும்போது கழுவிவிடுங்க. நான் வார்டன் அக்காவுக்குக் கழுவிவிடுதேன்.*

"என்ன எழுதியிருக்கிறாள்?" என்றாள் ஹானா.

ஞானப்பூ தாளை மேசையில் வைத்தாள். நன்றாகப் படிக்கிறாளாம், உனக்காக ஜெபிக்கிறாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வாயிலிருந்து அதுதான் வந்தது. ஹானா சந்தோஷமாகத் தாளின் அடியைக் காட்டினாள். பென்சில் படம். ஒரு பேசின், அதற்குள் இரண்டு கால்கள். இதைப் பார்த்துத்தான் இன்றைக்கு, இயேசு சீஷர்களுக்குச் செய்ததுபோல, கால் கழுவுகிற ஆராதனை வைக்க வேண்டுமென்று குழுத் தலைவரிடம் கேட்டேன் என்றாள். எங்கள் கையால் கால் கழுவப்பட்ட பிள்ளை, தான் நேசிக்கிற ஒருவருக்குக் கழுவிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஞானப்பூ குருவானவர் நேசையா ஐயாவைத் தேடி ஓடினாள். மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான், அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் மைக் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு காரியம் சொல்லணும். அந்த உலகம்மா பிள்ளை..."

"நல்ல பிள்ளைம்மா. இப்பதான் பாத்தேன், நனைஞ்சுபோயி நிக்கா. தலையைத் துவட்டச் சொல்லுங்க. எதுன்னாலும் ஆராதனை முடியட்டும்."

ஜெபராணி நனைந்திருக்கவில்லை. ஞானப்பூ குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள். வாளி நிமிர்ந்திருந்தது. அடியில் வண்டல் மட்டும் கிடந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் விடுதிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் முப்பத்தொரு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. வெளியே சாரல் பிடித்து வெளிச்சம் மங்கியிருந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஆரஞ்சு பனியன்காரர்கள் பேசினோடு முட்டி போட்டு நகர்ந்தார்கள், தண்ணீர் தளும்புகிற சத்தமும் சோப்பு வாடையும் கூசிச் சிரிக்கிற சிரிப்புமாகக் கூடம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஞானப்பூ நாற்காலிகளை எண்ணினாள். முப்பத்தொன்று. ஆள் இல்லாத நாற்காலி இல்லை.

பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. ஜெபராணி.

"நீ ஏம்ட்டி இங்கன நிக்க? போயி உக்காரு."

"என் நாற்காலியில ஆள் இருக்கு அக்கா."

"யாரு?"

"உலகு." ஜெபராணி பயப்படவில்லை. நிம்மதிதான் அவள் முகத்தில் இருந்தது. "இனிமே நான் பொய் சொல்ல வேண்டாம்லா?"

கடைசி நாற்காலி. முதுகுதான் தெரிந்தது. ஈரப் பின்னல். நுனியிலிருந்து சொட்டு. சொட்டு.

ஹானா அதன் முன்னால் முட்டி போட்டிருந்தாள். மூன்றாவது தடவையாகத் தண்ணீர் மாற்றினாள். மறுபடியும் கலங்கல். மணலை அள்ளி அள்ளி வெளியே போட்டாள், முழங்கைவரை சேறு. அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. இத்தனை தூரம் வந்ததற்கு இதுவே போதும் என்கிற சந்தோஷம். துடைக்கத் துணி தேடினாள். சின்னக் கை ஒன்று ஈரப் போர்வையை எடுத்து நீட்டியது.

"இப்ப உனக்குப் பிரியமான ஒருத்தருக்கு நீ கழுவிவிடு பாப்போம்" என்றார் நேசையா ஐயா, மைக்கில்.

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம்.

ஞானப்பூ எழப் பார்த்தாள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஜெபராணி. பாட்டுச் சத்தம் ஏறியது. தரையில் ஈரக் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சின்னக் காலடிகள். ஒன்பது வயசு. வளரவே இல்லை.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் ஞானப்பூ. "நான்தான். நான்தான் போகச் சொன்னேன்." சத்தமாகத்தான் சொன்னாள். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பேசின் அவள் முன்னால் இறங்கியது. குனிந்த தலை. நடுவகிட்டில் பாசி. சில்லிட்ட விரல்கள் அவள் கணுக்காலைப் பிடித்தன, பிரியமாக, பதனமாக.

"அக்கா, போர்வை கெடச்சுட்டு."

எதிரே ஹானா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நேசையா ஐயா கண்ணை மூடிக் கைதட்டினார். விரல்கள் அவள் கால்களைப் பைய தண்ணீருக்குள் இறக்கின.

அரை சாண் ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசின்.

கணுக்கால் போயிற்று. முழங்கால் போயிற்று. கால் இன்னும் தரையைத் தொடவில்லை. அடியில், நல்ல வேகத்தில், ஆறு ஓடிக்கொண்டிருந்தது.