ஆழமான பக்கம்

அம்மா பயப்படுகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது வாலுதான்.

வாலு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது என்பதால் வந்தது. வயது பத்து. அவளுடைய அம்மா நீச்சல் ஆசிரியை. தினமும் சாயங்காலம் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். பள்ளி விட்டதும் வாலுவும் நேராக அங்கேதான் போவாள்.

அந்தக் குளத்தில்தான் அது நடந்தது. பாடம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. குளத்தில் காவல் பார்க்கும் மீசை மாமா குதித்து அவளைத் தூக்கி வந்தார். கரையில் படுக்க வைத்தபோது அம்மாவின் கழுத்தில் நாடி படபடவென்று அடித்ததை வாலு பார்த்தாள். பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட பறவை இறக்கையை அடிப்பது போல இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் வாலுவுக்கும் புரிகிற மாதிரி விளக்கினார்.

"இதயத்துக்குள்ள மின்சாரம் மாதிரி ஒண்ணு ஓடும்மா. அதுக்குன்னு ஒரு பாதை இருக்கு. உங்க அம்மாவுக்குக் கூடுதலா ஒரு குறுக்குப் பாதை இருக்கு. மின்சாரம் அதுல புகுந்து சுத்திச் சுத்தி வருது. அதான் இந்தப் படபடப்பு. தொடையில இருக்கிற ரத்தக் குழாய் வழியா மெல்லிசா ஒரு கம்பியை விட்டு, அந்தக் குறுக்குப் பாதையை அடைச்சுடுவோம்."

சொன்னபடியே அடைத்தார்கள். அம்மா தொடையில் ஒரு சின்னக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து அப்பா வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார். அம்மா தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடி வருவார். பால் பாத்திரத்தைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்வார். ஒரு நாள் அம்மா தலையணையை எடுத்ததற்கும் ஓடி வந்தார்.

காயம் ஆறியதும் டாக்டர், "இனிமே நீந்தலாம். மெதுவா ஆரம்பிங்க. தனியா இறங்காதீங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா இன்னும் கொஞ்சம் சொன்னார். "நடுவுல ஒரு துடிப்பு தவறின மாதிரி இருக்கும். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான், பயப்படாதீங்க. ஆனா மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, படபடப்பு அடங்கவே இல்லைன்னாலோ உடனே எங்களைக் கூப்பிடணும்."

வாலு அதை மனப்பாடம் செய்துகொண்டாள். வாய்ப்பாடு கூட அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் மனதில் நின்றதில்லை.

அம்மா வேலைக்குத் திரும்பினாள். ஆனால் கரையில் நின்றபடியே பாடம் எடுத்தாள். ஒரு நாள் தண்ணீர் ஜில்லென்று இருந்ததாம். இன்னொரு நாள் தலைக்குக் குளித்துவிட்டாளாம். "ஏன் டீச்சர் நீங்க இறங்கல?" என்று ஒரு பொடியன் கேட்டதற்கு, "நீ முதல்ல ஒழுங்கா காலை அடி" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அம்மா கரையில் நின்றது வாலுவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா மாடிப்படி ஏறினால் இவள் பின்னாலேயே ஏறி மூச்சுச் சத்தத்தைக் கேட்பாள். அம்மா கண்ணை மூடிச் சாய்ந்தால், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கிட்டே போய்ப் பார்ப்பாள். பென்சில் தேடுவது போல நடிப்பாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அம்மா நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு விரலால் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். உதடு அசைய, துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாலு உள்ளே போனாள். "அம்மா, பயமா இருக்கா?"

"யாருக்கு, எனக்கா?" என்றாள் அம்மா. பிறகு குரல் இறங்கியது. "ஆமா. தண்ணிக்குள்ள இருக்கும்போது மறுபடி வந்துட்டா என்ன பண்றது? பிள்ளைங்க கையை நான் பிடிச்சிருக்கும்போது வந்துட்டா?"

"அப்ப இறங்காதே" என்ற வார்த்தை வாலுவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேருக்குமே பயமில்லை. ஆனால் அம்மா தன் நீச்சல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்த ஆள் போல இருந்தது அவள் முகம்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அன்னைக்கு நான் எல்லாத்தையும் பாத்துட்டேன்ல" என்றாள் வாலு.

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பிறகு வாலு கேட்டாள். "உன் வகுப்புக்குப் பயந்த பிள்ளை வந்தா என்ன பண்ணுவே?"

"படியில உட்கார வைப்பேன். தண்ணியில காலை மட்டும் விடச் சொல்வேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அன்னைக்குப் பாடம் முடிஞ்சுது."

"அப்ப நாளைக்கு உனக்குக் கால் மட்டும். ஆனா மீசை மாமாகிட்ட சொல்லணும்."

"ஐயோ, வேண்டாம்டி. நீச்சல் டீச்சருக்கே பயமான்னு சிரிப்பாங்க."

"தனியா இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. நான் கூட இருப்பேன். ஆனா உன்னைத் தூக்க என்னால முடியாது. நீ ரொம்ப கனம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மீசை மாமா சிரிக்கவில்லை. "நான் பாட்டுக்கு வேற வேலை பாக்குற மாதிரி நின்னுக்கறேன். யாருக்கும் தெரியாது" என்றார். ஆனால் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், மிதவை வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு நேர் எதிரே கம்பம் மாதிரி நின்றார்.

முதல் நாள் கால். மறுநாள் இடுப்பு வரை. அப்புறம் ஆழமில்லாத பக்கத்தில் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாலு அம்மாவைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். அம்மா பாதியில் நிறுத்தினாள்.

வாலு பதறிப்போய், "மூச்சு வாங்குதா?" என்றாள்.

"இல்ல. மறந்துபோச்சு."

அடுத்த வாரம் அம்மா குளத்தின் குறுக்கே நீந்தினாள். போனாள், திரும்பினாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். கை நெஞ்சுக்குப் போனது.

அதே குளம். அதே வெளுத்த முகம். வாலுவுக்கு அலற வேண்டும் போல இருந்தது. அலறினால் அம்மா இன்னும் பயந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு மீசை மாமாவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். அவர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார்.

படியில் உட்கார வைத்ததும் வாலு கேட்டாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "மயக்கமா இருக்கா?"

"இல்ல."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. ஒரு துடிப்பு காணாமப் போச்சு. அப்புறம் திடுக்குனு வந்துச்சு."

"இன்னும் படபடன்னு அடிக்குதா?"

அம்மா தன் மணிக்கட்டை நீட்டினாள். வாலு விரலை வைத்தாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அவளுடைய சொந்த இதயம்தான் காதுக்குள் அடித்தது. பிறகு தெரிந்தது. கொஞ்சம் வேகமாக. அப்புறம் நிதானமாக. சாலையோரம் யாரோ அவசரமில்லாமல் நடந்து போவது போல.

"அடங்கிடுச்சும்மா" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கரையில் இருந்தபடியே நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்தார்கள். காலையில் வந்துவிடச் சொன்னார். மறுநாள் அம்மாவின் நெஞ்சில் வயர்களை ஒட்டி, காகிதத்தில் ஓடிய கோடுகளை டாக்டர் பார்த்தார்.

"அடைச்ச பாதை அடைச்சபடியேதான் இருக்கு. நேத்து வந்தது பழைய படபடப்பு இல்ல. தாராளமா நீந்துங்க."

"பயமும் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் வாலு.

டாக்டர் யோசித்தார். "அதுக்கு எங்ககிட்ட கம்பி இல்லம்மா. அது மெதுவாத்தான் போகும்."

சில நாள் கழித்து, வகுப்பு முடிந்த பிறகு, அம்மா குளத்தின் அந்தக் கோடியைப் பார்த்தபடி நின்றாள். அங்கே தண்ணீர் கருநீலமாக இருக்கும். தரை தெரியாது.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"எனக்கும்தான்."

"சரி, போயிட்டு வரேன்." கடைக்குப் போகிறவள் மாதிரி சொல்லிவிட்டு நீந்தத் தொடங்கினாள்.

மீசை மாமா எதிர்க்கோடிக்குப் போய் நின்றார். வாலு கரையோரமாகவே கூட நடந்தாள். அம்மாவின் தலை தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் இவளுக்கு மூச்சு நின்றது. மேலே வரும்போதுதான் திரும்பியது. தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியது. வாலு வேகமாக நடந்தாள். பிறகு அவளுக்கே தெரியாமல் ஓடினாள். அம்மா போய்ச் சேரும்போது அங்கே இருக்க வேண்டும்.

அம்மாவின் கை சுவரைத் தொட்டது. மூச்சு வாங்க, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். மூன்று கேள்விகளையும் கேட்க வாலு வாயைத் திறந்தாள்.

"ஈரத் தரையில உன்னை யாருடி ஓடச் சொன்னது?" என்றாள் அம்மா. "வழுக்கி விழுந்தா மண்டை உடையும். ஒழுங்கா நடந்து திரும்பிப் போ."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. வாலு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், வாயெல்லாம் சிரிப்பாக, கரையோரமாகத் திரும்பி நடந்தாள். பக்கத்திலேயே அம்மா நீந்தி வந்துகொண்டிருந்தாள்.