ஒரு பிடி தவிடு

அரிசி களைந்துகொண்டிருந்த பானுமதி தற்செயலாகக் குனிந்தபோது ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டாள். தண்ணீர்தான் தெறித்திருக்கும் என்று முந்தானையால் ஒற்றினாள். ஒற்றிய இடம் மறுபடி ஊறியது, வெதுவெதுப்பாக, பால் வாடையோடு. அவளுக்குப் பால் வற்றி மூன்று வருடமாகிறது. பெற்ற ஒரே மகன் ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணே திறக்காமல் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தான். இப்போது பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் பாழாய்ப்போன பயம்கூட வரவில்லை. வேறு ரவிக்கை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள்.

மகன் போன பிறகுதான் அவள் நல்லம்பள்ளியிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினாள். பிறந்த சூடு ஆறுமுன்னே பிள்ளையை ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டு வராந்தாவில் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு டீ வாங்கித் தருவாள், டாக்டர் சொன்னதைப் புரியும்படி திருப்பிச் சொல்வாள், கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நிற்பாள். எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்வாள்.

"என் பையனுக்கும் இப்படித்தாங்க ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப வூட்டையே ரெண்டு பண்றான்."

அதைக் கேட்டதும் அந்த முகங்களில் கொஞ்சம் உயிர் வரும். ஒரு பொய்யால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

போன மாதம் சித்தேரியிலிருந்து சுமலதாவும் அவள் புருஷன் திருமாலும் வந்தார்கள். ஒன்பது நாள் பெண் குழந்தை, குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோவதற்குமுன் சுமலதா பானுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதத் தவுட்டுக்கு வாங்கிக்கறீங்களா? புள்ள பொழச்ச வூட்டுக்கு வித்துட்டா எமன் தேடமாட்டானாம். நல்லானதும் தவுட்டைத் திருப்பிக் குடுத்து வாங்கிக்கறேன்."

தன் வீடு பிள்ளை பிழைத்த வீடு இல்லை என்று சொல்ல பானுமதிக்கு வாய் வரவில்லை. திருமால் தீவனக் கடையிலிருந்து தவிடு கொண்டுவந்தான். அவள் ஒரு பிடி அள்ளிச் சுமலதாவின் முந்தானையில் போட்டாள், குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து, "இது என் வூட்டுப் புள்ள" என்று மூன்று தரம் சொன்னாள்.

குழந்தை பிழைத்தது. ஊருக்குப் போன நாலாம் நாள் போன் வந்தது.

"அக்கா, எங்கிட்டப் பால் குடிக்கமாட்டேங்குது. வாயத் தொறந்து அழுவுது, சத்தம் மட்டும் வரல. டாக்டர் தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கறாரு. வெள்ளிக்கெழம தவுட்டோட வர்றோம்."

இன்று வெள்ளிக்கிழமை.

கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது, தெருவில் போன டெம்போவின் இரைச்சல் வளைவில் அடங்கியது, அந்த மத்தியான அமைதியில், மகனுக்கு வாங்கிய துணிமணிகளைப் போட்டுப் பூட்டியிருந்த உள்ளறையிலிருந்து ஆஸ்பத்திரி மருந்து நெடி கசிந்து வந்தது, அதன் பின்னாலேயே ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. பக்கத்து வீட்டில் குழந்தை கிடையாது. பூனையும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுமலதாவின் குழந்தையை அவள் அணைத்துக்கொண்டபோது கேட்ட அதே அழுகை.

வாசலில் செருப்புச் சத்தம். சுமலதாவும் திருமாலும் உள்ளே வந்தார்கள்.

சுமலதா துண்டை விலக்கினாள். குழந்தையின் முகம் சிவந்து கோணியது. வாய் திறந்தது. உள்ளறையில் அழுகை வீறிட்டது. வாய் மூடியது. உள்ளேயும் நின்றது.

"உள்ள யாருங்க?" என்றான் திருமால்.

பானுமதி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் சின்னக் காலடிகள். மூன்று வயதுப் பிள்ளையின் நடை. கதவருகே நின்றது. கதவுக்குப் பின்னால், அவள் இடுப்புக்கும் கீழான உயரத்திலிருந்து ஒரு குரல்.

"அம்மா. பாப்பாவக் குடுத்துடாத."

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஏதோ அசைந்தது. பயம் இல்லை. சந்தோஷம்.

"அக்கா, கைய நீட்டுங்க." சுமலதாவின் விரலிடுக்கில் தவிடு உதிர்ந்தது. "வாங்கிக்குங்க. உங்க காலப் புடிக்கறேன்."

பானுமதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உள்ளறையில் குழந்தை சிரித்தது. துண்டுக்குள் இருந்தது அசையவில்லை. சுமலதா இன்னும் தவிட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.