சாமியாகிவிட்ட கல்

தினேஸ்வரிக்கு மூச்சே நின்றுவிட்டது. காலையில் தேய்த்துக் கழுவி, கோயில் அரசமரத்தடியில் காயவைத்த கல், சாயங்காலத்துக்குள் சாமியாகிவிட்டிருந்தது!

கல் முழுக்க மஞ்சள். நடுவில் குங்குமப் பொட்டு. கழுத்தே இல்லாத கல்லுக்குச் சாமந்தி மாலை. பக்கத்தில் ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும்.

"ஐயையோ! நாளைக்கு அறிவியல் கண்காட்சி இருக்குலா!"

ஈப்போ நகருக்கு அருகே லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில்தான் அவள் வீடு. லாரி ஓட்டும் அப்பா ஐயாவு, ரவூப் பக்கம் சாலைக்காக மலையை வெட்டிய இடத்திலிருந்து அந்தக் கல்லைக் கொண்டுவந்திருந்தார். பச்சை நிறம், வழவழப்பு, மேலே மலைப்பாம்பின் தோல் போலக் கோடுகள். பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் தினேஸ்வரி அதை வைத்துத்தான் ஈப்போ கண்காட்சியில் பேசப்போகிறாள். வேறு கல் கிடையாது.

மெல்லக் கையை நீட்டினாள்.

"தொடாத புள்ள! நாகம்மா தானா வந்து ஒக்காந்திருக்கா!"

எதிர்வீட்டுக் கருப்பம்மாள் அத்தை. கையுறைத் தொழிற்சாலைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"என் மவன் ரூபன் கப்பல் வேலைக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. நல்லபடியா திரும்பி வரணும்னு வேண்டிக்கலாம்னு வாரேன், இங்க பாத்தா நாகம்மா இருக்கா! நாந்தான் மஞ்ச பூசி, பொட்டு வச்சேன்!"

கல்லைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம். ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகு தினேஸ்வரிக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அத்தை, இது நான் காயவச்ச கல்லு. பாம்பு இல்ல. கடலோட தரைக்கும் அடியில, ரொம்ப ஆழத்துல இருந்த பாறை."

"கடலுக்கு அடியிலயா?"

"ஆமா. தரையில இருக்கிற வெடிப்பு வழியா கடல் தண்ணி உள்ள எறங்கும். பாறை அதைக் குடிச்சிக்கும். குடிச்சா சூடாகும், உப்பிப்போகும், வெடிக்கும். அந்த வெடிப்புல இன்னும் தண்ணி போகும். கொஞ்சம் கொஞ்சமா இப்படிப் பச்சையா, வழவழன்னு வேற கல்லா மாறிடும். நிலம் நகர்ந்து நகர்ந்து இதை மேல தள்ளிருச்சு. புத்தகத்துல படிச்சேன்."

அப்பாடா, இனி அத்தை கல்லைக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

அத்தையோ இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். "என் மவன் கடல்ல இருக்கான். கடல்லேருந்தே ஒருத்தி எழும்பி வந்திருக்கா! இவள எப்படி விடுவேன்?"

போச்சுடா! விளக்கம் சொன்னதே வினையாகிவிட்டது.

தினேஸ்வரி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள்.

"அத்தை, நாளைக்கு உங்களுக்கு லீவா?"

"லீவுதான். ஏன்?"

"நீங்களே மடியில வச்சுக் கண்காட்சிக்குத் தூக்கிட்டு வாங்க. பொட்டை நான் அழிக்கமாட்டேன். முடிஞ்சதும் இங்கேயே கொண்டுவந்து வச்சிரலாம்."

அத்தை கல்லைப் பார்த்தார். தினேஸ்வரியைப் பார்த்தார். "சரி, போலாம்" என்றார் கடைசியில்.

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் நடுவர் மெய்யப்பன் அவர்களுடைய மேசை முன் வந்து நின்றார். புருவத்தை உயர்த்தினார்.

"இது என்னம்மா, கல்லுல மஞ்சள்?"

தினேஸ்வரி நிமிர்ந்து நின்றாள். "கல்லு ரெண்டு தடவை மாறியிருக்கு சார். பச்சையா மாறினது கடல் தண்ணியால. அதுக்கு ரொம்ப ரொம்பக் காலமாச்சு. மஞ்சளா மாறினது அத்தையால. அது நேத்துதான்."

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். கல்லைத் தொட்டுப்பார்க்க அவர் கையை நீட்டினார்.

"சார்!" என்றார் அத்தை. "கால்ல இருக்கிற சப்பாத்தக் கழட்டிட்டுத் தொடுங்க."

தினேஸ்வரி கண்களை இறுக மூடிக்கொண்டாள். பரிசு போச்சு!

கண்ணைத் திறந்தால், நடுவர் காலுறையோடு நின்று கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "அட, சோப்பு மாதிரி வழுக்குதே!"

அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப்பார்க்க ஓடிவந்தார்கள். அந்த மேசை முன்னால் மட்டும் சப்பாத்துகள் மலையாகக் குவிந்தன. தினேஸ்வரிக்கு இரண்டாம் பரிசு!

சொன்னபடியே கல் மரத்தடிக்குத் திரும்பியது. அதன் பக்கத்தில் தினேஸ்வரி ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தாள்: "கடல் நீர் குடித்து மாறிய பாறை. பாம்பு அல்ல."

மறுநாள் காலையில் பார்த்தால், அந்த அட்டைக்கும் ஒரு பொட்டு வைக்கப்பட்டிருந்தது.