டுவேன் ஏறிய வண்டி

"டுவேன் செத்துப் பதினோரு வருஷமாச்சு. ஆனா தினமும் மத்தியானம் மூணு மணிக்கு வந்து என் மோட்டார் சைக்கிள்ல உட்கார்றான். முன்சக்கரத்தைப் பிடிக்க நான் செஞ்ச ஃபோர்க் அவனுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு" என்றான் வெர்லின்.

காபிக்கடையே குலுங்கிச் சிரித்தது. தான் ஒரு மீனை வெளியே இழுத்ததும் ஏரித் தண்ணீர் இரண்டடி இறங்கியது என்று போன வாரம்தான் அடித்துச் சொன்னவன் அவன்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. டுவேன் அவள் புருஷன். குடியை விட்டுவிட்டதாக அவளிடம் சத்தியம் செய்தவன், தன் வண்டியோடு கவிழ்ந்து செத்தான். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவன் வெர்லின். சாராய வாடை அடித்தது என்றான். அன்றிலிருந்து அவள் அவன் கல்லறையில் ஒரு பூ வைத்ததில்லை.

"மூணு மணிதானே? நானும் வரேன். அவன் வரலன்னா உன் வாயைத் தைச்சுடுவேன்."

வெர்லின் வீட்டுப் பட்டறை. வெளியே மினசோட்டாப் பனி. உள்ளே இரும்புத்தூளும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை. முன்சக்கரத்தைக் கவ்வியில் மாட்டி வண்டியை நிறுத்தியிருந்தான். சக்கரத்துக்கு இருபுறமும் அவன் பற்றவைத்த ஃபோர்க்கின் இரும்புக் கைகள், நடுவே ஒரு ஸ்பிரிங், அதன் தண்டில் ஒரு ரப்பர் வளையம். ஆள் ஏறினால் வளையம் இறங்கும். இறங்கிய இடத்திலேயே நிற்கும்.

வெர்லின் ஏறிக் காட்டினான். ஒரு அங்குலம். அவன் இறங்கியதும் ஆர்லிஸே வளையத்தை மேலே தள்ளிவிட்டாள். இருவரும் பத்தடி தள்ளி பெயிண்ட் டப்பாக்கள்மேல் உட்கார்ந்தார்கள்.

மூன்று மணி.

ஸ்பிரிங் முனகியது.

அரை அங்குலம். ஒன்று. இரண்டு.

இரண்டரை.

வருஷா வருஷம் அவன் பேண்ட்டைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தவளுக்கு அந்தக் கனம் தெரியாதா?

பிறகு அந்த வாடை வந்தது. புதினா மிட்டாய். குடியை விட்ட நாளிலிருந்து டுவேன் கன்னத்தில் அடக்கிவைத்திருந்தது. அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். புதினா மட்டும்தான்.

"வெர்லின்," என்றாள் மெதுவாக. "அன்னிக்கு அவன் குடிச்சிருக்கல."

டிக்.

ஃபோர்க்கின் இடது கையில், பற்றவைத்த இடத்தில், பெயிண்ட் மயிரிழையாக வெடித்தது.

"டுவேனுக்கு நீ பத்தவச்ச ஃபோர்க்கும் அங்கதான் உடைஞ்சுதா?"

ஏரியையே வற்றவைத்தவன் அந்த வெடிப்பைப் பார்த்தபடி சொன்னான்: "அவனுக்கு அவசரம். தானா ஆற விட்டிருக்கணும். பத்தவச்ச சூட்டோட தண்ணில முக்கிட்டேன். மொறுமொறுன்னு ஆயிடுச்சு இரும்பு."

"சாராய வாடை?"

"நான் சொன்ன பொய்."

ஆர்லிஸ் எழுந்து வண்டியருகே போனாள். சீட் குழிந்திருந்தது. அந்தக் குளிரிலும் கைக்குச் சூடு தட்டியது.

"இறங்கு. வீட்டுக்குப் போலாம்."

ஸ்பிரிங் அசையவில்லை.

மறுநாள் காபிக்கடையில் வெர்லினின் நாற்காலி காலி. "என்ன ஆர்லிஸ், வந்தாரா வீட்டுக்காரர்?" என்று எவனோ சீண்டினான்.

அவள் மேசையை ஒருமுறை துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"வந்தாரு. வெர்லின் வாழ்நாள்ல சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம். காலைலயும் போய்ப் பார்த்தேன். பதினோரு வருஷமா நான் ஒரு பூ வைக்கலங்கிற கோவம் போல, இன்னும் இறங்கல."