எட்டாவது படம்

சிவப்புக் கல்லின் நடுவே கடுகளவுக்கு ஒரு முகம் தெரிந்தது.

"மறுபடியும் உன் மூஞ்சி விழுந்திருக்கு. மோதிரத்தை விக்கிறதா, உன்னை விக்கிறதா?" முதலாளி ஃபோனை மேசைமேல் விட்டெறிந்தார். "இன்னொரு படம் இப்படி வந்துச்சு, நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகைக்கடையின் இந்தப் பின்னறையில் நாலு வருடமாக ஃபோனிலேயே படமெடுக்கிறாள். பளபளக்கும் கல் எதிரே இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அதற்காகத்தானே மோதிரத்தைச் சுற்றி வெள்ளைக் காகிதப் பெட்டி, அதில் லென்ஸ் எட்டிப் பார்க்க மட்டும் ஒரு துளை. டைமரைப் போட்டுவிட்டு மூலையில் போய் நின்றுகொள்வாள். பிறகு எங்கிருந்து விழும் அவள் முகம்?

கதவைப் படாரென்று சாத்தினாள். சின்னதைப் பெரிதாகக் காட்டும் கிளிப் லென்ஸைத் துடைத்து ஃபோனில் மாட்டி, அதைக் கல்லுக்கு இரண்டு விரல் தள்ளி நிறுத்தினாள். இவ்வளவு கிட்டத்தில் கல் முழுவதும் ஒரே படத்தில் தெளிவாக விழாது. மேற்பரப்பில் தொடங்கி, ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக உள்ளே நகர்த்தி, எட்டுப் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். ஏசி உறுமியது; சூடேறிய விளக்கிலிருந்து கருகின தூசியின் வாடை வந்தது; வெளியே பில் இயந்திரம் கரகரத்துக்கொண்டே இருந்தது. எட்டு முறை ஃபோன் க்ளிக்கென்றது.

முதல் படத்தில், கல்லின் அடியில் ஒரு புள்ளி. மூன்றாவதில் முகம். ஐந்தாவதில் நரைத்த புருவமும் ஒட்டிய கன்னமும் தெரிந்தன. யாரோ ஒரு பெண். எட்டாவதில் அந்தப் பெண்ணின் வாய் பிளந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கல்லின் உட்புறத்தில் அப்பியிருந்தன.

இதை யாருக்கும் காட்டாதே என்று உள்ளே ஒன்று சொன்னது. ஆனால் நாலு வருடமாக வாங்கின திட்டெல்லாம் தொண்டைக்கு ஏறிவிட்டது. கதவைத் திறந்தாள்.

"சார், இங்க வாங்க! இது என் மூஞ்சியான்னு நீங்களே பாருங்க!"

"ஃபோன்ல நீ என்ன வேணா பண்ணியிருப்ப. நாப்பது வருஷமா கல் பாக்குற கண்ணும்மா இது, என்கிட்டயா?" ஃபோனை ஒதுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். குனிந்தார். துளையில் கண்ணை வைத்தார்.

நன்றாகப் பார்க்கட்டும் என்று அவள் கைகட்டி நின்றாள்.

"என்ன சார், பேச்சையே காணோம்?"

அவர் துளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார்?"

முதுகு அசையவில்லை. மூச்சு இல்லை. விளக்கின் ரீங்காரம் மட்டும்.

காகிதப் பெட்டியை மெல்ல உருவினாள். அவர் குனிந்தபடியே இருந்தார். திறந்த கண். இமைக்கவில்லை.

ஃபோனை எடுத்தாள். கல்லருகே கொண்டுபோனாள். திரை மங்கி, தெளிந்தது.

நரைத்த புருவம் இல்லை. ஒட்டிய கன்னம் இல்லை.

முதலாளி. கடுகளவு முதலாளி. வாய் பிளந்து, இரண்டு கையாலும் உள்ளிருந்து அறைந்துகொண்டிருந்தார். சத்தமே வரவில்லை.

பக்கத்தில் எலும்பு சொடுக்கியது.

குனிந்திருந்த உடம்பு மெதுவாக நிமிர்ந்தது. அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளை முகத்துக்கு நேரே தூக்கி, பத்து விரல்களையும் மடக்கி, விரித்து, மடக்கி, புதிதாக வாங்கின கையுறையைப் போட்டுப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.