வலப்பக்கம் தாழ்ந்த வண்டி

அந்தப் பழைய பிக்கப் வண்டி வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. வாழ்நாளில் பாதியை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே கழித்துவிட்ட ஒனோஃப்ரேவுக்கு, மகள் அதைப் பட்டறைக்குள் நிறுத்தி இறங்கியபோதே பட்டுவிட்டது. இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; ஓட்டியவள் இறங்கினால் அந்தப் பக்கம் கொஞ்சம் எழும். இது அதற்கும் மேல். பக்கத்து இருக்கையில் இன்னொருவர் இறங்காமலே உட்கார்ந்திருப்பதுபோல.

அனலீசாவுக்கு அது முதல் வண்டி. அழகுக்காக, வயிறு தரையில் உரசும் அளவுக்குத் தாழ்த்தியது. கதவுகளின் கைப்பிடிகளை அறுத்தெடுத்து மேலே திராட்சை நிறம் பூசியிருந்தார்கள். உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் கதவு தானே விடுபட்டுத் திறக்கும். ஸ்டீயரிங் சங்கிலிக் கண்ணிகளைப் பற்றவைத்துச் செய்த சின்ன வளையம். மறுநாள் ஈஸ்டர், மலையடிவாரத்து நகரமான எஸ்பன்யோலாவில் தாழ்ந்த வண்டிகளெல்லாம் ஊர்வலம் போகும். சேஸ் என்கிற அடிச்சட்டம் நேராக இருக்கிறது என்று அப்பா சொன்னால்தான் இந்த வண்டி மலையிறங்கும் என்பது வீட்டில் பேசி முடித்த ஏற்பாடு. கீழே போகிற ஒரே சாலையில் வழிநெடுக வலப்பக்கம் ஆறு. தடுப்புச் சுவர் பாதி இடங்களில் இல்லை.

"வித்தவன் எங்கேயாவது இடிச்சிருக்கானா?"

"வித்தது ஒரு விதவைப் பொம்பளப்பா. கொட்டகையில சும்மாவே கிடந்துச்சாம்."

"இவ்வளவு நல்ல வண்டியை யாருடி சும்மா போட்டு வைப்பாங்க?"

"உங்கள மாதிரி சந்தேகப் பிராணி அந்த வீட்ல யாரும் இல்லபோல. பாருங்கப்பா, சீக்கிரம். பசங்க பாலத்துக்கிட்ட காத்துக்கிட்டு இருக்காங்க." பீன்ஸ் சுருட்டிய ரொட்டி ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்ய வீட்டுக்குள் போனாள்.

அவர் களைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் எப்போதும் இப்படித்தான். பள்ளத்தாக்கிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வண்டி நேராக ஓடவேண்டும். இடுப்பு மரத்துப் போயிருந்தது. ரொட்டியைப் பாதி தின்று வைத்துவிட்டு, சக்கரங்களை மரக்கட்டைகள்மேல் ஏற்றி வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

வெளியே சித்திரைக் காற்று தகரக் கூரையை நெம்பிக்கொண்டிருந்தது. கீழே பழைய கிரீஸும் துருவும் கலந்த வாசனை, அதற்கும் அடியில் வெயிலில் சரியாகக் காயாத கம்பளியின் வாசனை ஒன்று, மூச்சை இழுத்தால் மறைந்தது, விட்டால் திரும்பி வந்தது. சேஸின் நான்கு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொட்ட இடங்களைச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, வண்டியைக் கட்டைகளிலிருந்து இறக்கிப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, குறிகளுக்குக் குறுக்காக நூல் பிடித்தார். இரண்டு குறுக்கும் ஒரே நீளம். வண்டியைத் தாழ்த்துவதற்காகப் பின் அச்சுக்கு மேலே சேஸை வெட்டியிருந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். விரிசல் ஏதுமில்லாத கனத்த ஓசை. ஸ்பிரிங்குகள் புதியவை, ஒரே ஜோடி.

சேஸ் கோணவில்லை. வண்டி சாய்ந்திருந்தது.

தாழ்த்திய வண்டிக்கு, ஓட்டுபவரின் எடையை இருக்கையில் வைத்துத்தான் சக்கரக் கோணம் பார்ப்பார்கள். மகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஓட்டுநர் இருக்கையில் அடுக்கினார். வலப்பக்கம் அப்போதும் தாழ்ந்தே இருந்தது. சமமாகும்வரை பார்ப்போம் என்று இன்னொரு மூட்டை. இன்னொன்று. மூட்டைகள் கூரைத் துணியைத் தொட்டபோதுதான் வண்டி மட்டத்துக்கு வந்தது. கையைத் தட்டிக்கொண்டவர், காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

நல்ல தாட்டியான ஆள் ஒருவரின் எடை.

இருக்கையின் ரெக்ஸின் நடுவில் பள்ளமாக இருந்தது. பழைய இருக்கை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அதில் கை வைத்துப் பார்க்கலாம். வைக்கவில்லை.

"முடிஞ்சுதாப்பா?" வீட்டிலிருந்து குரல் வந்தது.

"இரும்மா."

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றி ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்க ஒரு நாள் வேண்டும். மகளிடம் 'இந்த வருஷம் வேண்டாம்' என்று சொல்ல அதைவிடப் பெரிய தெம்பு வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. இந்த ஊரில் தாழ்ந்த வண்டியை யாரும் நிமிர்த்துவதில்லை. எப்படி நிற்கிறதோ அந்த நிலைக்கே அளவு வைப்பார்கள். கூடுதல் மூட்டைகளை இறக்கினார். வலப்பக்கம் மறுபடி அமர்ந்தது. அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி வலது சக்கரத்தில் மெல்லிய தகடுகளைச் செருகி முடுக்கினார். மீதி மூட்டைகளையும் இறக்கிவிட்டு, சாலையில் ஓட்டிப் பார்த்தார். கையை விட்டாலும் அம்புபோல் ஓடியது. பக்கத்தில் திரும்பாமலே ஓட்டினார்.

அனலீசா உதட்டுச் சாயத்தோடு வந்து அவர் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

"நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

அவள் ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை எழுப்பினாள். உடனே டக்கென்று ஓசை. வலது கதவு தானே விடுபட்டு மெதுவாக அகலத் திறந்தது.

"பொத்தானை அழுத்தினியா?"

"இல்லியே. மக்கர் பண்ணுது, கிழட்டுச் சனியன்." எட்டி இழுத்துச் சாத்தினாள். "நாளைக்கு வந்து சரி பண்ணுங்க, சும்மா தூங்கிட்டு இருக்காம!"

சிரித்தபடி போனாள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அவர் வாசலில் நின்று வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பழக்கம். வலப்பக்கம் எழும்பியிருந்தது. லேசாக. எடையே இல்லாமல்.

புரிய ஒரு கணம் ஆனது.

அந்த எடைக்கு வைத்த அளவு. எடை இல்லையென்றால் சக்கரம் வலப்பக்கம் இழுக்கும். கையடக்க ஸ்டீயரிங். வலப்பக்கம் ஆறு.

"அனலீசா!"

காற்று அதைத் தின்றது. போனை எடுத்தார். பள்ளத்தாக்கில் இறங்கியவர்களுக்கு மணி அடிக்காது என்பது தெரிந்தும் அழுத்தினார். பட்டறை ஓரம் நின்ற தன் இழுவை வண்டிக்கு ஓடினார். ஏறினார். சாவியைச் செருகினார்.

கம்பளி வாசனை.

வண்டி அசைந்தது. ஒருமுறை. பிறகு வலப்பக்கம் மெல்ல, மிக மெல்ல, தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. பக்கத்து இருக்கையின் ரெக்ஸின் சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, அப்படியே நின்றது.

சாவியில் இருந்த விரல் திரும்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால், கீழே தொலைவில், இரண்டு சிவப்பு விளக்குகள் ஆற்றின் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போயின.